ஓ.டி.பி. சொல்வதற்கு முன் குறுஞ்செய்தியைப் படியுங்கள்: விவசாயிகளுக்கான கைப்பேசிப் பாதுகாப்பு

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, நாங்கள் நடத்தும் நிலக்கடலை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வந்தது. 'பி.எம். கிசான் புதிய பயனாளிகள் பட்டியல்' என்று அதற்குப் பெயர். அனுப்பியவர் யாரோ அல்ல. குழுவில் எல்லோரும் மதிக்கும் முன்னோடி விவசாயி ஒருவரின் எண்ணிலிருந்துதான் வந்திருந்தது. குழுவின் நிர்வாகி நான். அன்று வயல்வெளிப் பார்வைக்குப் போயிருந்ததால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் நான்கு பேர் அதைத் தொட்டுத் திறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அன்று சாயங்காலத்துக்குள் 38,000 ரூபாய் போய்விட்டது. காய் விற்ற பணம்.

"நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லலை சார். போனே வரலை சார்" என்றார் அவர். உண்மைதான். அந்தக் கோப்பு பட்டியலே இல்லை. அது ஒரு செயலி. அனுப்பியதாகத் தெரிந்த முன்னோடி விவசாயியும் அதை அனுப்பவில்லை. முந்தின நாள் அவருடைய கைப்பேசியில் புகுந்த அதே செயலி, அவருடைய வாட்ஸ்அப் வழியாகத் தானே எல்லாக் குழுக்களுக்கும் பரவிவிட்டது. விதைக்கரணை வழியாகக் கரும்பில் செவ்வழுகல் பரவுவது போலத்தான் இதுவும். நம்பிக்கையான ஆளிடம் வாங்கினோம் என்பதால் கரணை சுத்தமாகிவிடாது.

அன்றிலிருந்து எங்கள் பயிற்சிகளில் அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம். அங்கே பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வரும் செயலி

கைப்பேசியில் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து பதிவிறக்குகிறோம். அப்படி இல்லாமல் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிந்தால், அது நேரடியாகக் கைப்பேசியில் ஏறிக்கொள்ளும் செயலி. ஏறியதும் 'உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும். நாம் எதையும் படிக்காமல் 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போவோம். அதன்பின் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. நமக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குப் போய்விடும். சில செயலிகள் திரையில் தம் படத்தையே மறைத்துக்கொள்ளும். தேடினாலும் கிடைக்காது.

பி.எம். கிசான் பெயரில் மட்டும் இது வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண பாக்கி, போக்குவரத்து அபராதம், வங்கியின் கே.ஒய்.சி. என்று பருவத்துக்கு ஏற்றபடி பெயர் மாறும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது. அரசுத் துறை எதுவும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்புவதில்லை. பி.எம். கிசான் செயலியும் நமது மாநிலத்தின் உழவன் செயலியும் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. தவணை வந்ததா என்று பார்க்க வேண்டுமானால் 155261 என்ற பி.எம். கிசான் உதவி எண்ணில் கேட்கலாம். இணையதளத்தில் பார்ப்பதானால் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று கவனியுங்கள்.

சூரியசக்தி பம்புசெட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பி.எம். குசும் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலிப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக நடக்கிறது. உபகோட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்பதற்கு ஆகும் பேருந்துக் கட்டணம் அதிகமில்லை.

'யாருக்கும் சொல்லாதீர்கள்' என்றால் முடியுமா?

ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, காவல்துறை சொல்கிறது, தொலைக்காட்சி விளம்பரமும் சொல்கிறது. ஆனால் விவசாயிக்கு நடைமுறை வேறாக இருக்கிறது. தனித்துவ அடையாள எண் பதிவு செய்ய முகாமுக்குப் போனால் ஓ.டி.பி. கேட்கிறார்கள். பி.எம். கிசான் கே.ஒய்.சி. முடிக்கவும், இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் ஓ.டி.பி. வேண்டும். கேட்பவர்கள் எங்கள் துறைக்காரர்கள்தான். ஒரு வருடத்தில் பத்து முறை சொல்லிப் பழகிய மனிதர், பதினோராவது முறை போனில் ஒருவன் கேட்டால் தயங்க மாட்டார். அவரை அப்படிப் பழக்கியதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதனால் நான் வேறு மாதிரி சொல்கிறேன். நீங்கள் தேடிப் போன இடம் வேறு. உங்களைத் தேடி வந்த போன் வேறு. நீங்களே போய், ஆளை நேரில் பார்த்து, உங்கள் வேலைக்காக உட்கார்ந்திருக்கும்போது ஓ.டி.பி. தேவைப்படலாம். தேடி வந்த போனில் எந்தக் காரணம் சொன்னாலும் தேவைப்படாது. வங்கி மேலாளர் என்றாலும் சரி, வேளாண் அலுவலகம் என்றாலும் சரி, தவணை நின்றுவிடும் என்று மிரட்டினாலும் சரி.

நேரில் சொல்லும்போதும் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள். எந்த நிறுவனம் அனுப்பியது, எதற்காக என்று அதிலேயே எழுதியிருக்கும். அடையாள எண் பதிவு முகாமில் உட்கார்ந்திருக்கும்போது வங்கிப் பணப் பரிமாற்றம் என்றோ, ரூபாய்க் கணக்கோடோ செய்தி வந்தால் சொல்லக் கூடாது. ஆங்கிலம் படிக்க வராது என்றால், கேட்டவரிடமே படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பேத்தியிடம் கொடுங்கள்; நான்கு வரிதானே. வங்கியும் அரசும் அனுப்பும் செய்தியில் அனுப்பியவர் இடத்தில் எழுத்துகள் இருக்கும். சாதாரண பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து 'வங்கிச் செய்தி' வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்களிடம் ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று கேட்பேன். மகனுடையது, மருமகனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது என்று பதில் வரும். ஒரு அம்மா, பதிவு செய்து கொடுத்த கடைக்காரரின் எண்ணையே கொடுத்திருந்தார். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்பவர்களும் உண்டு. விட்டுவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பிறகு உங்கள் கணக்கின் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் பெயரில், உங்கள் பையில் இருக்கும் எண்ணை ஆதார் மையத்திலும் வங்கியிலும் பதிந்துகொள்ளுங்கள். பட்டன் போனாக இருந்தாலும் போதும். சொல்லப்போனால் அதுதான் இன்னும் நல்லது. அதில் அந்தச் செயலி ஏறாது.

கட்டைவிரல்

கைப்பேசியே இல்லாதவர் பணத்தையும் எடுக்க முடியும். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இந்த மூன்றும் இருந்தால் போதும். கிராமத்தில் வங்கி முகவர் சின்ன இயந்திரத்தில் ரேகை வைக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது இந்த முறையில்தான். நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் இதற்கு ஓ.டி.பி.யும் கிடையாது, ரகசிய எண்ணும் கிடையாது.

நம் ஆட்களின் ரேகை சுலபத்தில் விழுவதில்லை. களை பறித்து, நாற்று நட்டு, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். உரக்கடை இயந்திரத்தில் ஒரு மூட்டை யூரியாவுக்கு நான்கு தடவை வைக்கிறோம். ரேஷன் கடையிலும் அப்படித்தான். 'விழலை, இன்னொரு தடவை வைங்க' என்பது நமக்குச் சாதாரணமாகிவிட்டது. ஏமாற்றுபவனுக்கு வேண்டியது இதுதான். முதல் ரேகையில் 500 ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, 'சரியா விழலை' என்று இரண்டாவது ரேகையில் 5,000 ரூபாய் எடுத்தால் வைத்தவருக்குத் தெரியாது. சிம் கார்டு வாங்கும் இடத்தில் இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் பிறந்துவிடலாம். அந்த சிம்மில் யாரையாவது ஏமாற்றினால் காவல்துறை தேடி வருவது உங்களைத்தான்.

ஆகவே ஒவ்வொரு முறையும் விரல் வைப்பதற்கு முன் திரையில் தொகை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'விழவில்லை' என்றால், தோல்வி அடைந்ததற்கும் ஒரு சீட்டு வரும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த தடவை வையுங்கள். முகவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வயதான அம்மா, அப்பாவைத் தனியாக அனுப்பாமல், மாதம் ஒரு முறையாவது அவர்களுடைய பாஸ்புக்கில் வரவு செலவு பதியுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் பதியலாம்.

ரேகையை நேரில் வைக்காமலே திருடிய வழக்குகளும் இருக்கின்றன. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து ரப்பர் போன்ற பொருளில் அச்சு செய்தவர்களைத் தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் காவல்துறை பிடித்திருக்கிறது. நிலம் வாங்கி விற்பவர்கள் நாம்தான் என்பதால் இது நமக்கு நெருங்கிய விஷயம்.

இதற்குத் தடுப்பு, ஆதாரில் இருக்கும் பயோமெட்ரிக் பூட்டு. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ இதைப் போடலாம், கட்டணம் இல்லை. ஆதாரில் கைப்பேசி எண் பதிந்திருக்க வேண்டும். பூட்டிவிட்டால் ரேகையை யார் வைத்தாலும் ஏற்காது. ஆனால் பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டு உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது: பூட்டினால் உரக்கடையிலும் ரேஷன் கடையிலும் உங்கள் விரலும் வேலை செய்யாது. போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். சில நிமிடங்களில் அது தானே பூட்டிக்கொள்ளும். ரேஷனுக்கு அட்டையில் பெயருள்ள வேறு ஒருவர் ரேகை வைக்கலாம். கைப்பேசியைக் கையாளத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் பூட்டுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் ரேகையில்தான் பணமே எடுக்கிறார்கள் என்றால், பூட்டு போடுவதைவிட அந்தக் கணக்கில் இருப்பைக் குறைவாக வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

ஜெராக்ஸ் காகிதங்கள்

ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம் என்று எத்தனை நகல் கொடுத்திருக்கிறோம் என்று நமக்கே கணக்கில்லை. 'மானியம் வாங்கித் தருகிறேன்' என்று வருபவர் கேட்டால் ஒரு கட்டு கொடுத்துவிடுகிறோம். உங்கள் அடங்கலைக் காட்டி வேறொருவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டால், உங்கள் அறுவடைக்கு நீங்கள் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேல் படும்படி, எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். அடையாளம் காட்ட மட்டும் கேட்கும் இடங்களில் அதுவே போதும். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகலைக் கிழித்துப் போடாமல் வந்துவிடாதீர்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கடைக்காரர் கணினியில் தங்கிவிடும். அனுப்பி அச்செடுத்தால், அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள்.

பணம் வருவதற்கு பின் நம்பர் கிடையாது

பழைய டிராக்டர், பவர் டில்லர், கறவை மாடு விற்க இணையத்தில் விளம்பரம் போடுகிறோம். உடனே ஒருவர் அழைப்பார். பேரம் பேசவே மாட்டார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்புவார். பிறகு 'முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்பார். மாட்டின் பல்லைக்கூடப் பார்க்காமல், சொன்ன விலைக்கு வாங்குபவரை எந்தச் சந்தையிலாவது பார்த்திருக்கிறீர்களா? ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் பணம் கொடுக்க மட்டுமே. வாங்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

வாங்குபவராக இருந்தால் இது திரும்பும். வடமாநிலப் பண்ணை என்று முர்ரா எருமை, கிர் பசுவின் வீடியோ காட்டுவார்கள். பாதி விலை சொல்வார்கள். முதலில் லாரி வாடகை, அடுத்து காப்பீடு, அடுத்து 'வண்டி சோதனைச் சாவடியில் நிற்கிறது' என்று கறப்பார்கள். மாட்டை நேரில் பார்த்து, ஒரு வேளை பாலைக் கறந்து பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. 'உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாதம் கொடு, 5,000 ரூபாய் தருகிறேன்' என்று யாராவது கேட்டால், திருட்டுப் பணம் கடந்து போக உங்கள் வரப்பை வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கு முடக்கப்படும். கல்வி உதவித்தொகையும் மானியமும் நிற்கும். வழக்கு வேறு வரும். கணக்கு முடங்கி, பயிர்க்கடன் நேரத்தில் அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மகன் கார்டைக் கொடுத்தது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

கிணறு வேறு, வாய்க்கால் வேறு

நான் சொல்வதிலேயே மிகவும் பயன்பட்டது இது என்று விவசாயிகள் சொல்கிறார்கள். கைப்பேசிப் பணப் பரிமாற்றத்துக்கு ஒரு கணக்கு. விளைச்சல் விற்ற பணத்துக்கு வேறு வங்கியில் வேறொரு கணக்கு. முதல் கணக்கில் வாரச் செலவுக்கு வேண்டியது மட்டும் ஓடட்டும். இரண்டாவது கணக்கில் யு.பி.ஐ. வேண்டாம். அதன் ஏ.டி.எம். கார்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆதார் ரேகை வழியாகப் பணம் எடுப்பதை அந்தக் கணக்குக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று கிளையில் எழுதிக் கேளுங்கள். குறுஞ்செய்தித் தகவல் மட்டும் இரண்டுக்கும் வர வேண்டும். 38,000 ரூபாய் இழந்தவரிடம் ஒரே ஒரு கணக்குதான் இருந்தது.

போய்விட்டால்

வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டுக்குள் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய இழப்பு. எங்கள் குழுவில் செயலியைத் திறந்த நான்கு பேரில் ஒருவர் உடனே மகனிடம் காட்டியதால் தப்பினார்.

செயலி ஏறிவிட்டது என்று தெரிந்தால் முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு இணையத்தைத் துண்டியுங்கள். சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போடுங்கள். வேறு போனிலிருந்து 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். திருடிய பணம் பல கணக்குகள் வழியாக ஓடி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் அதை முடக்குவதுதான் இவர்கள் வேலை. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு பணம் மிஞ்சும். வங்கிப் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியை முழுதாக அழித்துப் புதிதாக்கிய பின்பே மறுபடி சிம் போட வேண்டும். குழுக்களில் 'என் எண்ணிலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து வங்கிக் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். இங்கே ஒரு விதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் மோசடியால் பணம் போயிருந்து, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் தெரிவித்தால் இழப்பு உங்கள் மேல் விழாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. ஓ.டி.பி. போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையான இழப்பு உங்களுடையது. தெரிவித்த பின் நடப்பது வங்கியுடையது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதி வந்தது.

'உங்க ரேகைதானே வெச்சிருக்கு, நாங்க என்ன பண்றது' என்று கிளையில் சொல்லலாம். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு உரியது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். வழக்குக்கு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது.

எங்கள் குழு நண்பர் சாயங்காலமே 1930-ஐ அழைத்தார். 38,000-ல் 11,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டுப் பிற்பாடு திரும்பி வந்தது. மீதி வரவில்லை. செயலி வழியாகப் போனதால் அது யாருடைய கவனக்குறைவு என்பதில் அவருக்கும் வங்கிக்கும் இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

1930, 155261, 1947, 14448 ஆகிய நான்கு எண்களையும் பாஸ்புக்கின் உள் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள். கைப்பேசி கெட்டுப்போகும் நாளில்தான் அவை தேவைப்படும். அடுத்த முறை உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண் மாதிரி கொண்டு வரும்போது கைப்பேசியையும் ஆதாரையும் எடுத்து வந்து, பயோமெட்ரிக் பூட்டு போட உதவி கேளுங்கள். எங்கள் நிலையத்தில், மண் மாதிரியைப் பதிவேட்டில் ஏற்றும் நேரத்துக்குள் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.